நாலரை மணி ஊசி: திருகோணமலைக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளியின் கிளினிக் கொப்பியில் 'ஒழுங்காக ஊசி போடுவதில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தவள் நான்தான். ஆறு நாள் கழித்து, விடியற்காலையில், அவரை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். முதல் நாள் பின்னேரம் அவர் நான் சொன்னதை முதல்முறையாக அப்படியே செய்திருந்தார்.

எழுதட்டுமா என்று அவரிடமும் அவருடைய மகளிடமும் கேட்டேன். "பேர் போடாட்டி எழுதுங்கோ" என்றார். பெயர் இல்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். வைத்தியசாலையின் பெயரும் இங்கே தேவையில்லை. இதில் வரும் மருந்து அளவுகள் இந்த ஒருவருக்காகப் பார்த்துத் தீர்மானித்தவை. இதை வாசித்துவிட்டு யாரும் தங்கள் ஊசியைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

கொப்பியில் இருந்தவை

ஆண், 57 வயது. 11 வருடமாக நீரிழிவு. நிறை 56 கிலோ. மெட்போமின் குளிசை காலையும் இரவும். இரண்டு வருடத்துக்கு முன்பு கிளிக்கிளசைட் என்ற சீனிக் குளிசையை நிறுத்திவிட்டு இன்சுலினில் போட்டிருந்தார்கள்: 30/70 கலப்பு இன்சுலின், காலை 20 அலகு, பின்னேரம் 12 அலகு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. கடைசி நாலு கிளினிக்கிலும் வெறும் வயிற்றுச் சீனி 200க்கு மேல். எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையை வெளியில் செய்து கொண்டுவந்திருந்தார், 10.4. சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருந்தது, பயப்படும் அளவுக்கு இல்லை. தொழில் என்ற இடத்தில் 'மீன்பிடி' என்று ஒரு சொல். அந்தச் சொல்லை எழுதியவரும் சரி, பிறகு பார்த்த நாங்களும் சரி, அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

அன்று காலை 8 மணியிலிருந்து 12.30 வரை என் மேசைக்கு 70 கொப்பி வந்தது. ஆளுக்கு நாலு நிமிடம்கூட இல்லை. 2017இல் 67 நாடுகளின் தகவலைத் திரட்டிப் பார்த்த ஆய்வொன்றில், வைத்தியரோடு நோயாளி இருக்கும் சராசரி நேரம் வங்காளதேசத்தில் 48 வினாடி, சுவீடனில் 22.5 நிமிடம் என்று வந்தது. நாங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. நேரம் இல்லாதது உண்மை. ஆனால் இந்தச் சம்பவத்தில் அதை மட்டும் சாட்டாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த உரையாடல் இப்படித்தான் போனது:

"ஊசி ஒழுங்காப் போடுறீங்களா ஐயா?"

"ஓம் டொக்டர்."

"பின்னேர ஊசி?"

"அது இடைக்கிடை விடுபடும்."

"விடக்கூடாதய்யா. சீனி இப்பிடியே நிண்டா கண்ணும் போகும், கிட்னியும் போகும். காலில புண் வந்தா வெட்ட வேண்டி வரும்."

"சரி டொக்டர் பிள்ளை."

காலை 24, பின்னேரம் 16 என்று கூட்டி எழுதினேன். நோயாளி வாய் திறந்து 18 வினாடிக்குள் வைத்தியர் குறுக்கிடுகிறார் என்று 1984இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. மருத்துவ பீடத்தில் அதைப் படித்துச் சிரித்திருக்கிறோம். இவர் விஷயத்தில் எனக்குக் குறுக்கிடும் வேலையே வரவில்லை. 'இடைக்கிடை விடுபடும்' என்பதில் விஷயம் முழுவதும் இருந்தது. எப்போது விடுபடும் என்று நான் கேட்கவில்லை. கால் வெட்டுவதைப் பற்றிச் சொல்ல மட்டும் எனக்கு நேரம் இருந்தது.

விடியற்காலை

நான்கரை மணியிருக்கும். முச்சக்கர வண்டியில் மூன்று பேர் அவரைக் கொண்டுவந்தார்கள். சாரம் நனைந்து, உடம்பெல்லாம் மீன் செதில். "கூடக் குடிச்சிட்டார் போல" என்றார் வந்தவர்களில் ஒருவர். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சீனி 31. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிக் கரைசல் நாளத்தில் ஏறி ஐந்து நிமிடத்தில் கண் திறந்தார். முதலில் கேட்டது, "வலை என்ன மாதிரி?"

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் பொறுக்க முடிந்தது. வழக்கமாகக் கடலுக்குப் போகும் நாட்களில் பின்னேர ஊசி போடமாட்டார். கிளினிக்கில் ஏச்சு வாங்கிய பிறகு மகளும் சேர்ந்து பிடித்துக்கொண்டாள். கிளினிக்கால் வந்த நாளிலிருந்து கடல் கடும், படகு இறங்கவில்லை. ஆறாம் நாள் இறங்கியது. பின்னேரம் நாலரைக்கு 16 அலகைப் போட்டு, ஒரு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கு ஏறிவிட்டார். சோற்றுப் பார்சல் படகில் இருந்தது. வலையைப் போட்டுவிட்டு ஒன்பது மணிபோலச் சாப்பிடுவதுதான் வழக்கம். அன்று வலை கடலடிப் பாரில் சிக்கிவிட்டது. இரண்டு மணி வரை இழுப்பும் வெட்டுமாகப் போனது, யாரும் சாப்பிடவில்லை. இரண்டரைக்குப் பிறகு இவர் கோணல்மாணலாகப் பேசத் தொடங்கினார், கத்தியை எடுத்து நல்ல வலையை அறுக்கப் போனார். எங்கேயோ ஒளித்துவைத்துக் குடித்துவிட்டார் என்று நினைத்து அணியத்தில் படுக்கவைத்திருக்கிறார்கள். சாராயம் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இருட்டில், எல்லோருக்கும் வேர்த்து வழியும் நேரத்தில், சீனி இறங்கியவனுக்கும் வெறிகாரனுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

மருந்தின் கணக்கு எளிது. கலப்பு இன்சுலினில் முப்பது வீதம் அரை மணியில் வேலை தொடங்கி இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். மீதி எழுபது வீதம் ஆறுதலாக எழும்பி, நாலாம் மணியிலிருந்து பத்தாம் மணி வரையும் அதற்கு மேலும் சீனியை இறக்கிக்கொண்டிருக்கும். நாலரைக்குப் போட்டால் அந்த நேரம் இரவு எட்டரையிலிருந்து விடியப்புறம் இரண்டரை வரை. கிட்டத்தட்ட அந்த ஆறு மணி நேரமும் அவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். வேலை செய்யும் தசை இன்சுலின் இல்லாமலேயே சீனியை உறிஞ்சும்; இன்சுலினும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. காலை 20 அலகு ஒழுங்காகப் போட்டும் மாதக்கணக்காக 240, 260 என்று நின்ற சீனி, நாலு அலகு கூட்டியதும் 31க்கு விழுமா? அதற்கு விடை வீட்டில் இருந்தது, அது பிறகு.

வார்டில் கேட்ட கேள்வி

எங்கள் பொது வைத்திய நிபுணர் சிங்களவர். இங்கு வந்து மூன்று வருடத்தில் பிடித்த தமிழில் நோயாளிகளோடு தானே பேசுவார். வினைச்சொற்கள் எல்லாம் ஒரே காலத்தில் நிற்கும், ஆனால் விஷயம் போய்ச் சேரும். அன்று சுற்றில் இந்த ஐயாவின் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்:

"ஐயா, மீன் எப்ப பிடிக்கிற? ராத்திரியா, பகலா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். ஐயாவும் சிரித்தார். அப்புறம் சொல்லத் தொடங்கினார். ஐந்து மணிக்கு ஏறுவது, காலை ஆறுக்குக் கரை, மீன் தெரிந்து விற்று ஏழுக்கு வீடு, புட்டோ பழஞ்சோறோ சாப்பிட்டுப் படுத்தால் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குச் சோறு, பிறகு வலை பொத்துவது. ஒரு மனிதனின் ஒரு நாள், மூன்று நிமிடத்தில்.

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். சல்லி, சாம்பல்தீவு, வீரநகர், திருக்கடலூர் என்று கரையோரமெல்லாம் பின்னேரம் படகு இறங்குவதைச் சின்னதிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் கேட்காமல் விட்டேன். தெரியாத ஊருக்கு வந்தவர் தெரியாததால் கேட்டார். மொழி தெரியாத வைத்தியர்களால்தான் எங்கள் சனத்துக்குப் பிரச்சினை என்று எத்தனை தடவை பேசியிருப்பேன்! அதில் உண்மையும் உண்டு. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, இன்னும் கிளினிக் கொப்பி ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. ஆனால் இந்தக் கொப்பியில் தமிழ் தெரிந்தவளின் கையெழுத்து இருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் நோன்புகாரர்களிடம், நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கிலேயே ஸஹர் என்ற விடியமுன் சாப்பாடு எத்தனை மணிக்கு, நோன்பு திறந்து என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டு ஊசியை மாற்றிக் கொடுக்கிறோம். அதற்கென்று சர்வதேச வழிகாட்டல்களே இருக்கின்றன. ஒரு மாதம் இரவைப் பகலாக்குபவரிடம் கேட்கத் தெரிந்த எங்களுக்கு, வருடத்தில் எட்டு மாதம் அப்படி வாழும் கடற்தொழிலாளியிடம் கேட்கத் தோன்றவில்லை.

கொப்பியில் இல்லாதவை

அடுத்த இரண்டு நாளும் வேலை முடிந்த பிறகு அவர் கட்டிலருகே கொஞ்ச நேரம் இருந்தேன். கேட்கக் கேட்க வந்தது.

2004 சுனாமியில் சொந்தப் படகு போனது. பிறகு உதவியாகக் கிடைத்த படகையும் என்ஜினையும் மகளின் கலியாணத்துக்கு விற்றார். இப்போது இன்னொருவர் படகில் பங்குக்குப் போகிறார். எண்ணெய்க் காசும் படகுப் பங்கும் கழித்து மிஞ்சுவதை ஏறியவர்கள் பிரிப்பார்கள். ஏறாத நாளுக்குப் பங்கு இல்லை.

கடலில் சீனி இறங்குவது இது முதல்தரம் இல்லை. இன்சுலின் தொடங்கிய முதல் மாதமே ஓரிரவு கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, கண் இருண்டிருக்கிறது. கடற்காற்றுப் பட்டுவிட்டது என்று நினைத்தார். கரைக்கு வந்து பார்வை பார்த்து நூல் கட்டினார். இரண்டாம் தரமும் அப்படி வந்தபோதுதான் பின்னேர ஊசியில் சந்தேகம் வந்தது. அன்றிலிருந்து கடல் நாளில் அதைப் போடுவதில்லை. அதாவது, நாங்கள் எழுதிக் கொடுத்ததில் இருந்த பிழையை இரண்டு வருடத்துக்கு முன்பே அவர் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார். அந்தத் திருத்தத்தைத்தான் நான் கொப்பியில் குற்றமாக எழுதினேன்.

"ஏன் ஐயா இதைக் கிளினிக்கில சொல்லேல்ல?"

"கேட்டாத்தானே பிள்ளை. நூல் கட்டினதெல்லாம் உங்களிட்டச் சொல்லேலுமா?"

அப்புறம் அந்த மருந்துக் குப்பி. வீட்டில் பிரிஜ் இல்லை, பக்கத்து வீட்டு பிரிஜ்ஜில் வைத்திருக்கிறார். இரவல் இடம், மீனும் கறியும் கூடினால் குப்பியை எடுத்து மேலே ஐஸ் தட்டுக்குள் போட்டுவிடுவார்கள். "சில நாள் கட்டியாப் போயிருக்கும். கைக்குள்ள பொத்தி வெச்சு உருக்கிப் போட்டு ஏத்துவன்" என்று சாதாரணமாகச் சொன்னார். உறைந்து உருகிய இன்சுலின் நம்பக்கூடிய மருந்து இல்லை. மாதக்கணக்காக அவர் ஏற்றியது பாதி செத்த மருந்து. அதனால் சீனி இறங்கவில்லை. இறங்கவில்லை என்று நான் அளவைக் கூட்டினேன். அன்று கிளினிக்கில் கொடுத்தது உறையாத புதுக் குப்பி. புது மருந்து, கூடின அளவு, கடல் நாளில் திரும்பப் போட்ட பின்னேர ஊசி, சாப்பிடாத வயிறு, சிக்கிய வலை. 31க்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம்: நிறுத்தச் சொன்ன கிளிக்கிளசைட் மிச்சம் வீட்டில் ஒரு பக்கெட் இருந்தது. ஊசி போடாத நாளில் 'ஈடுகட்ட' ஒன்று போடுவாராம். மகள் கொண்டுவந்து பாமசியில் ஒப்படைத்தாள்.

தெரிவுகள்

வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுப்பது என்று இப்போது நிறையப் பேசுகிறோம். அமெரிக்காவில் 1982இலேயே ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று இந்தச் சொற்றொடரை முன்வைத்துவிட்டது. பிறகு வந்தவர்கள் படிமுறை வகுத்தார்கள்: முதலில் 'இதில் நாங்கள் சேர்ந்து யோசிக்கலாம்' என்று சொல்வது, அடுத்து தெரிவுகளை நன்மை தீமையோடு விரிப்பது, கடைசியில் அவருக்கு எது பெரிது என்று பார்த்து முடிவுக்கு வருவது. நல்ல படிமுறைதான். ஆனால் அந்தப் படத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எங்கள் வார்டில் கட்டிலைச் சுற்றி மகள், மருமகன், அதே படகில் போகும் மச்சான். மகளின் கைப்பேசியில் கட்டாரிலிருந்து மகன். நோயாளி நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் சொன்னது ஒன்றுதான்: "அப்பா இனிக் கடலுக்குப் போகத் தேவையில்லை." மகன் தொலைபேசியில் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், கரையில் வலை பொத்திக்கொண்டு இருக்கட்டும், செலவுக்கு நான் அனுப்புகிறேன். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டவும் ஆயத்தம். அன்பு இல்லாத பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் கால் மணி நேரத்தில் நோயாளி பேசியது ஒரே ஒரு சொல், "பாப்பம்."

இந்த 'பாப்பம்' எங்கள் ஊரில் சம்மதம் இல்லை. இது தெரிந்ததால், குடும்பத்தை தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொன்னேன். மச்சானை மட்டும் இருக்க விட்டேன். அது ஐயா கேட்டது.

மூன்று வழி இருந்தது. ஒன்று, மகள் சொன்னதுபோலக் கடலை விடுவது. இரண்டு, கிளார்ஜின் என்ற இன்சுலின். நாளுக்கு ஒரு தரம், உச்சம் என்று பெரிதாக எழும்பாமல் சமமாக வேலை செய்யும், சீனி இறங்கும் ஆபத்துக் குறைவு. எங்கள் கிளினிக்கில் ஒழுங்காகக் கிடைக்காது, மாதா மாதம் வெளியில் வாங்க வேண்டும். மகன் வாங்கித் தருவார். மூன்று, இப்போது இலவசமாகக் கிடைக்கும் அதே கலப்பு இன்சுலினை அவருடைய நாளுக்கு ஏற்ப மாற்றுவது: கடலுக்குப் போகும் நாளில் காலை ஏழு மணிக்கு, வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது ஒரே ஊசி, பின்னேரம் இல்லை, கரையில் நிற்கும் நாளில் இரண்டு வேளை. இதில் எச்பிஏ1சி 7க்கு வராது. எட்டுக்குக் கிட்ட வந்தால் போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, மறைக்கவில்லை. "காசு பிரச்சினை இல்லையே ஐயா, மகன் தாறார்தானே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மகன்ட காசில ஊசி போட்டா, மகன் நிக்கச் சொல்ற இடத்தில நிக்க வேணும், பிள்ளை."

மச்சான் தலையாட்டினார். அதற்கு மேல் நான் கிளார்ஜினைப் பற்றிப் பேசவில்லை. எச்பிஏ1சி அரைப் புள்ளி குறைவதற்கும் அவர் சொன்னதற்கும் எந்தத் தராசில் எடை போடுவது என்று எனக்குப் புத்தகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. நிபுணரிடம் போய்ச் சொன்னேன். "அவருக்கு எது ஓடுமோ அதுதான் நல்ல மருந்து" என்று சொல்லிவிட்டு அளவை அவரே எழுதினார்: கடல் நாள் காலை 22; கரை நாள் காலை 20, பின்னேரம் 10. குளிசை பழையபடி. ஏறுவதற்கு முன்பு விரலில் குத்திப் பார்க்க வேண்டும்; 120க்குக் கீழே என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவது. மகனின் காசில் குளுக்கோமீற்றர் வாங்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். அதற்குச் சம்மதித்தார். "அது சாமான்தானே" என்றார்.

படகில் சொல்வதா, விடுவதா

மருந்தைவிட இதுதான் இழுபட்டது. படகில் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அடையாளம் கண்டு சீனி கொடுக்கத் தெரிய வேண்டும் என்று நான் நின்றேன். அவர் மறுத்தார். சீனிக்காரன் என்று தெரிந்தால் வலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயம். மூளை பாதிக்கும், கடலில் விழலாம், செத்தும் போகலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

மச்சான்தான் இடையில் புகுந்தார். "அத்தான், அவங்கள் கரையெல்லாம் கதைக்கிறாங்கள், நீங்க திரும்பக் குடிக்கத் தொடங்கியிட்டீங்களெண்டு."

முகம் மாறிவிட்டது. மனைவி இறந்த வருடம் காளி கோயிலில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர். எட்டு வருடம். வார்டில் இருந்த இரண்டு நாளில் அவரை அப்படிக் கலங்கி நான் பார்க்கவில்லை, சீனி 31 என்று சொன்னபோதுகூட. "அப்ப சொல்லு. சீனி எண்டு சொல்லு. குடியெண்டு ஒருத்தனும் சொல்லப்படாது."

அடுத்த நாள் படகில் போகும் இருவரை மச்சான் கூட்டி வந்தார். தாதி மிஸ் ஒருவர் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தார்: நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கோணல் பேச்சு வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுப்பது, கால் மணியில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுப்பது, தெளிந்ததும் சோறு, நினைவில்லாதவர் வாயில் ஒன்றும் ஊற்றாமல் கரைக்குத் திருப்புவது. சீனித் தண்ணிப் போத்தலைச் சாப்பாட்டோடு வைத்தால் யாராவது குடித்துவிடுவார்கள் என்று ஐயாவே சொன்னார். மண்ணெண்ணெய்க் கான் பக்கத்தில் வைத்தால் ஒருவரும் தொடமாட்டார்களாம். எனக்கு அது தோன்றியிருக்காது.

பக்கத்து வீட்டு பிரிஜ்ஜுக்கும் ஒரு வழி பார்த்தோம். பெரிய மண்முட்டிக்குள் சின்ன முட்டி, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி, காற்றுப் படும் நிழல். திறந்த குப்பி இப்படி நாலு கிழமைக்குத் தாங்கும். திறந்த திகதியை மகள் குப்பியில் எழுதுவாள், 28ஆம் நாள் மிச்சம் இருந்தாலும் வீசுவது. கொப்பியில் இரண்டு தாள் ஒட்டினேன். ஒன்றின் தலைப்பு 'கடல் நாள்', மற்றது 'கரை நாள்'. தமிழில் எழுதினேன். அந்தப் பெயர்கள் அவர் வைத்தவை.

ஒன்பது மாதம்

மூன்றாம் மாதம் எச்பிஏ1சி 8.9. கடலில் ஒரு தரம் நடுங்கியது, சீனித் தண்ணி குடித்தார், வலையை இழுத்து முடித்தார், அவ்வளவுதான். ஒரு கிளினிக்குக்கு வரவில்லை. சூடை மீன் பட்ட காலம், மகள் வந்து மருந்து எடுத்தாள். முன்பென்றால் அதற்கும் ஒரு கோடு இழுத்திருப்பேன்.

நவம்பரில் சறுக்கினோம். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் படகுகள் கரையேறிவிட்டன, அவர் நாள் முழுக்க வீட்டில். ஆனால் ஊசி மட்டும் கடல் நாள் தாளிலேயே நின்றது. சீனி 290. தாளை எழுதிக் கொடுத்த நான், எந்தத் திகதியில் தாள் மாறும் என்று அவரோடு பேசவில்லை. 'நாளைக்கு ஏறுவோமோ மாட்டோமோ தெரியாது, அதால மாத்தேல்ல' என்றார். வாடை மாதத்தில் அது நியாயமான காரணம். இப்போது ஒழுங்கு இதுதான்: காலையில் ஒரே 20, பின்னேரம் நாலு மணிக்குப் படகு இறங்காது என்று முடிவானால் பத்து. மாசியில் எச்பிஏ1சி 8.1.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கண் பரிசோதனைக்கு இரண்டு தரம் திகதி கொடுத்தும் போகவில்லை. மகளுக்கு என்மேல் கோபம், அப்பாவைக் கடலுக்கு அனுப்பியது நான்தான் என்று. ஒரு வகையில் சரிதான். நான் ஓம் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவர் நின்றிருப்பார். அல்லது பழையபடி ஒளித்துப் போயிருப்பார். எது நடந்திருக்கும் என்று நானும் அவளும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

கிளினிக்கில் நான் மாற்றியது ஒன்றே ஒன்று. இன்சுலின் எழுதும் எவரிடமும், ஆணோ பெண்ணோ, 'நேற்று விடிஞ்சதிலிருந்து படுக்கும் வரைக்கும் என்ன செய்தீங்கள்?' என்று கேட்கிறேன். சிலர் அரை நிமிடத்தில் முடிப்பார்கள், சிலர் மாமியாரிலிருந்து தொடங்குவார்கள். எழுபது கொப்பியில் எல்லோரிடமும் முடிவதில்லை, அதனால் ஊசி எழுதும் நாளில் மட்டும்.

போன கிளினிக்கில் கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார், "பிள்ளை, இந்தக் கோடு ரெண்டு போட்டிருக்கே, அதில என்ன கிடக்கு?" வாசித்துச் சொன்னேன். மகள் முன்பே வாசித்துக் காட்டியிருப்பாள் என்று பிறகுதான் விளங்கியது. அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் 'இரவுக் கடற்தொழில், மாலை இன்சுலினால் சீனி இறங்கியது' என்று எழுதித் திகதி போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த திகதி எழுதப் போனபோது கையை நீட்டித் தடுத்தார். "அண்டைக்கு வேணாம், அது இருட்டுக் காலம், நல்லாப் படும். நிலவு நாளில போடுங்கோ, வலை மீனுக்குத் தெரியும், போறேல்ல." கலண்டரைப் பார்த்தேன். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, அன்று கிளினிக் இல்லை. அதற்கு அடுத்த நாள் என்று எழுதிக் கொடுத்தேன்.